குகைப் பயணத்துக்கு எந்த வாகனம்? திருகோணமலையில் இருந்து வெளிக்கிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் நாங்கள் சில நண்பர்கள் பல வருடங்களாகக் குகைகளைத் தேடிப் போய் வருகிறோம். புதிதாகச் சேருகிற இளையவர்கள் கயிறு, ஹெல்மெட், டோர்ச் பற்றிக் கேட்பதற்கு முன்பே வாகனத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். யூடியூப்பில் சேற்றுக்குள் பாய்கிற ஜீப்புகளைப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணை, அது மாதிரி ஒன்று எடுக்கட்டுமா?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

குகைக்குப் போக ஃபோர் வீல் (நான்கு சில்லையும் எஞ்சின் சுழற்றுகிற) வாகனம் கட்டாயம் வேண்டுமா?

எந்தக் குகை என்பதைப் பொறுத்தது. தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கு பஸ்ஸில் போய் இறங்கலாம். எங்கள் மாவட்டத்திலும் மட்டக்களப்புப் பக்கம் குடும்பிமலையிலும் இருப்பவை பெரும்பாலும் கருங்கற் பாறைகளின் ஒதுக்குக் குகைகள். காட்டுப் பாதை, வயல் வரம்பு, குளக்கட்டு என்று போய்க் கடைசியில் நடக்க வேண்டியிருக்கும். வெளிச்சமே போகாத, உள்ளே நீர் ஓடுகிற குகை பார்க்க வேண்டும் என்றால் இரத்தினபுரி மாவட்டத்தின் வவுல்பனை, வெலிமடைப் பக்கம் இஸ்திரிபுர என்று தூரப் பயணம் போக வேண்டும். நக்கிள்ஸ் மலைக்காட்டில் இருக்கும் நைட்டர் குகைக்கு ஆசைப்படுபவர்களும் உண்டு. ஒரு காலத்தில் அங்கே வெடியுப்பு எடுத்ததால் வந்த பெயர் அது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. திருகோணமலையில் இருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அவ்வளவும் நல்ல தார் றோட்டு. அதற்குப் பிறகு வரும் ஐந்து அல்லது பத்து கிலோமீற்றர்தான் கிரவலும் கல்லும் சேறும். போக வர 400 கிலோமீற்றர் ஓடுகிற ஒரு பயணத்தில் ஃபோர் வீல் உண்மையில் வேலை செய்வது 20 கிலோமீற்றருக்குத்தான். ஆனால் அந்த 20 கிலோமீற்றரில் அது இல்லாவிட்டால், இருட்டில், மழையில், காட்டுக்குள் நிற்பீர்கள். அதனால் நீண்ட தார் றோட்டிலும் ஆளைக் களைக்க வைக்காத, கடைசித் துண்டிலும் கைவிடாத வாகனம்தான் தேவை.

கோடையில் பாதை காய்ந்திருந்தால், உயரமான டூ வீல் கெப் ஒன்றிலும் பல இடங்களுக்குப் போய் வந்திருக்கிறோம்.

அப்படியானால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

திரும்பி வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். காலையில் போகும்போது எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள், பாதை காய்ந்திருக்கும், வெளிச்சம் இருக்கும். ஒரு இடத்தில் சில்லு சிக்கினாலும் ஆறு பேர் இறங்கித் தள்ளிவிடுவார்கள். பின்னேரம் ஏழு மணிக்கு அதே ஆறு பேர் குகைக்குள் எட்டு மணித்தியாலம் தவழ்ந்துவிட்டு, நனைந்து, நடுங்கிக்கொண்டு, பசியோடு வெளியே வருவார்கள். நான்கு மணிக்கே மழை பிடித்திருக்கும். ஒருவருக்குக் கால் பிசகியிருக்கும். அந்த நேரத்தில் வாகனம் என்ன செய்யும் என்பதை வைத்தே அதைத் தெரிவு செய்ய வேண்டும்.

ஒரு முறை மலைநாட்டில் எங்கள் நண்பர் ஒருவருக்குக் குகை வாசலில் வழுக்கி முழங்கால் மடங்கிவிட்டது. நாங்கள் கொண்டுபோனது சின்ன ஜீப். மேட்டுப் பாதையில் அது ஏறியதைப் பார்த்துக் காலையில் எல்லோருக்கும் சந்தோஷம். இரவில் அந்தக் காலை நீட்ட அந்த ஜீப்பில் இடமே இல்லை. ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் காலை மடித்தபடியே இருந்தார். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு எந்த வாகனம் பார்க்கப் போனாலும் நான் செய்கிற முதல் வேலை, பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே நீட்டிப் படுத்துப் பார்ப்பது. விற்கிறவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. ஒரு ஆள் நேராகப் படுக்க, பக்கத்தில் இன்னொருவர் இருந்து பிடிக்க இடம் வேண்டும். இருக்கைகளை மடித்தால் அப்படி இடம் கிடைக்குமா என்று அங்கேயே மடித்துப் பாருங்கள்.

சுசுகி ஜிம்னி போதுமா?

இரண்டு பேருக்கு மிக நல்ல வாகனம். அடியில் தனி இரும்புச் சட்டம் (சேஸி), மெதுவாக ஊர்ந்து அதிக இழுவை தருகிற லோ கியர், குறைந்த நிறை என்று காட்டுப் பாதைக்கு வேண்டியது எல்லாம் உண்டு. 2018 இல் வந்த மாதிரியில் தரையில் இருந்து அடிப்பகுதிக்கு 210 மில்லிமீற்றர் இடைவெளி. பாரமான கெப் புதைகிற சேற்றில் அது மேலாகவே போய்விடும். ஒடுக்கமான பாதையில் திருப்புவதும் சுலபம்.

ஆனால் நான்கு இருக்கையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் மிஞ்சுகிற இடம் வெறும் 85 லீற்றர். ஒரு ஆளின் கயிற்றுப் பையோடு நிறைந்துவிடும். ஆளும் சாமானும் சேர்த்து அது தாங்குவது 350 கிலோவுக்குள்தான். நான்கு பெரியவர்கள் ஏறினாலே 280 கிலோ போய்விடும். மிச்சத்தில் தண்ணீர், கயிறு, சாப்பாடு, உதிரிச் சில்லு எல்லாம் அடங்காது. மேல் கேரியரில் ஏற்றலாம் என்று நினைப்பார்கள். உயரமான சின்ன வாகனத்தின் தலையில் பாரம் ஏற்றினால் சரிவான பாதையில் கவிழ்கிற ஆபத்து கூடும்.

மூன்று பேருக்கு மேல் போவதாக இருந்தால் இரண்டு ஜிம்னியாகப் போங்கள். ஒன்று புதைந்தால் மற்றது இழுக்கும். உண்மையில் அது ஒரு பெரிய ஜீப்பில் தனியாகப் போவதை விடப் பாதுகாப்பு.

டபிள் கெப் எடுக்கலாமா?

ஹைலக்ஸ், டி-மெக்ஸ், ரேஞ்சர், மிட்சுபிஷி எல்-200 எல்லாம் எங்கள் பக்கம் நிறைய ஓடுகின்றன. கந்தளாயிலோ மூதூரிலோ நின்றுவிட்டால்கூடத் திருத்தத் தெரிந்த பாஸ் ஒருவர் இருப்பார், சாமானும் கிடைக்கும். குகைக்காரருக்கு இதில் இன்னொரு பெரிய வசதி: சேறு பூசிய உடுப்பு, கயிறு, சப்பாத்து எல்லாவற்றையும் பின்பெட்டியில் போட்டுவிட்டு, ஆக்கள் முன்னால் காய்ந்த இடத்தில் இருக்கலாம்.

இரண்டு குறை. பின்பெட்டி ஏறத்தாழ ஒன்றரை மீற்றர்தான், காயப்பட்டவரைப் படுக்க வைக்கக் குறுக்காக வைக்க வேண்டும், அதுவும் திறந்த வெளியில். மற்றது, வெறும் பெட்டியோடு பின்சில்லுகளில் பாரம் இருக்காது. நனைந்த சரிவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் தண்ணீர்க் கலன்களைப் பெட்டியின் முன்பக்கமாகக் கட்டி வைப்போம். கொஞ்சம் பிடிப்புக் கிடைக்கும், தண்ணீரும் தேவைப்படும்.

பழைய லேண்ட் குரூசர், பஜேரோ, டிபென்டர் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா?

மலிவாகக் கிடைக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் பழையது எல்லாம் விலையேறியது. மலிவாக ஒன்று வந்தால், ஏன் மலிவு என்று கேளுங்கள்.

எங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது துரு. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று பெயரிலேயே வெளியும் உப்பும் இருக்கிற கரை இது. கடற்காற்று சட்டத்தைத் தின்றுவிடும். மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள். கீழே படுத்து, சிறிய சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் வந்தால் நல்லது. மந்தமாகச் சத்தம் வந்து சல்லி சல்லியாக உதிர்ந்தால் பேரம் பேச வேண்டாம், எழும்பி வாருங்கள்.

அப்புறம் லோ கியரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பல வாகனங்களில் வருடக்கணக்காக யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள், நெம்பு இறுகியிருக்கும். முன் சில்லுகளில் கையால் பூட்டுகிற பூட்டு இருந்தால் இரண்டும் திரும்புகின்றனவா என்று பாருங்கள். டிபரென்சியல் ஒயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தால், பின்பக்கம் நீளவாங்கு வைத்த 70 வரிசை லேண்ட் குரூசரை விடக் குகைப் பயணத்துக்குப் பொருத்தமான வாகனத்தை நான் காணவில்லை. 1984 இல் தொடங்கிய வரிசை அது. ஆக்கள் எதிரெதிரே இருக்கலாம், ஒருவர் நீட்டிப் படுக்கலாம், தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். நீளமான பஜேரோவிலும் பின் இருக்கைகளை மடித்தால் படுக்க இடம் வரும், தார் றோட்டில் அது லேண்ட் குரூசரை விடச் சுகம். பழைய டிபென்டர் மலைப்பாதையில் பிறந்த மாதிரி ஏறும். ஆனால் அதற்கு வேலை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும்.

டீசலா, பெற்றோலா?

டீசல். லோ கியரில் மெதுவாக ஊர்கிறபோது இழுவை நன்றாக இருக்கும், ஒரு தாங்கிக்கு ஓடுகிற தூரமும் கூட, உதிரியாகக் கொண்டுபோனாலும் பெற்றோல் போலச் சட்டென்று தீப்பிடிக்காது. ஹபரணையில் அல்லது மாத்தளையில் தாங்கியை நிரப்பிவிடுங்கள். 2022 இல் எண்ணெய்க்கு நாங்கள் வரிசையில் நின்றதை மறக்க முடியுமா? அதில் இருந்து, பாதித் தாங்கிக்குக் கீழே இறங்க விடாமல் நிரப்புகிற பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது.

ஆட்டோ கியர் சரிவருமா?

சரிவரும். லோ ரேஞ்ச், அதாவது லோ கியர் வசதி, இருந்தால் போதும். களைத்துப் போய் இரவில் ஓட்டுகிறவருக்கு ஆட்டோ கியர் உதவிதான். பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதற்கு ஜம்பர் வயர் வேண்டும்.

டயர் எப்படித் தெரிவு செய்வது? சேற்று டயர் போடட்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பேன். பெரிய பல் வைத்த சேற்று டயர் பார்க்க அழகு, களிமண்ணில் வேலையும் செய்யும். ஆனால் உங்கள் பயணத்தில் பெரும்பங்கு தார் றோட்டு. நனைந்த தாரில் அந்த டயர் வழுக்கும், பிரேக் தூரம் கூடும், இரைச்சலில் ஓட்டுநருக்குத் தலையிடி வந்துவிடும். தார், காடு இரண்டுக்கும் பொதுவான ஏ.டி. டயர் நல்லது. பக்கச் சுவர் தடித்ததாகப் பாருங்கள். மலைப் பாதையில் கல்லும் கட்டையும் குத்துவது பக்கத்தில்தான்.

டயரின் வகையை விடக் காற்றழுத்தம் பெரிய விஷயம், காசும் செலவில்லை. தாரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை வைத்திருப்பீர்கள். கிரவலும் கல்லும் வந்தால் 25க்கு இறக்குங்கள். புல்மோட்டைப் பக்கக் கடற்கரை மணலில் 18 வரை இறக்கினால், டயர் பரந்து மிதந்துகொண்டு போகும். புதைந்த வாகனம் ஒன்றைத் தள்ளித் தள்ளிக் களைத்துப் போனவர்கள், காற்றைக் குறைத்ததும் தானாக எழும்பி வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், ஸ்டியரிங்கைச் சடாரென்று திருப்பக் கூடாது. தாருக்கு ஏறுவதற்கு முன் நிரப்பிவிட வேண்டும். பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பும் அழுத்தமானியும் இல்லாமல் நாங்கள் வெளிக்கிடுவதில்லை.

உதிரிச் சில்லு முழு அளவாக இருக்க வேண்டும். சில வாகனங்களில் மெலிந்த தற்காலிகச் சில்லு கொடுத்திருப்பார்கள். காட்டுக்கு அது உதவாது.

ஃபோர் வீலை எப்போது போட வேண்டும்?

சிக்கிய பிறகு போடுகிறவர்கள்தான் அதிகம். பாதை கெடத் தொடங்கும் இடத்திலேயே போடுங்கள். ஆனால் காய்ந்த தாரில் போடாதீர்கள். பெரும்பாலான கெப்களில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். வளைவில் முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். சேற்றில் சில்லு வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும், தாரில் அது முடியாது. கடைசியில் கியர் பெட்டிதான் உடையும்.

செங்குத்து இறக்கத்தில் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினைப் பிடித்துக்கொள்ள விடுங்கள்.

சப்பாத்துப் பாலத்தில் தண்ணீர் ஓடினால் கடக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கடுமையாகப் பதில் சொல்வேன். தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பனிகள் வாகனத்துக்கு ஆழக் கணக்குக் கொடுப்பார்கள். பழைய டிபென்டருக்கு 500 மில்லிமீற்றர், ஹைலக்ஸுக்கு 700, ரேஞ்சருக்கு 800. அந்த எண்கள் அசையாத தண்ணீருக்கு. ஓடுகிற வெள்ளத்தில் 30 சென்ரிமீற்றர் ஆழமே சின்னக் காரைத் தூக்கிவிடும், 60 சென்ரிமீற்றர் கெப்பையும் ஜீப்பையும் இழுத்துப் போய்விடும். டயருக்குள் காற்று, உள்ளே காற்று என்று வாகனம் மிதக்கத்தான் பார்க்கும். நிறை அதிகம் என்று நம்ப வேண்டாம்.

நிற்கிற தண்ணீர் என்றால் ஒருவர் தடியோடு நடந்து ஆழம் பார்க்கலாம். ஆனால் எங்கள் பக்கம் அதுவும் எல்லா இடத்திலும் முடியாது. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற பக்கமும் வெருகல் ஆற்றங்கரையும் முதலை உள்ள இடங்கள். ஊர்ச்சனத்திடம் கேளுங்கள். "இண்டைக்கு ஏலாது" என்று ஒரு வயற்காரர் சொன்னால் அதோடு திரும்பிவிடுங்கள்.

கடப்பது என்று முடிவெடுத்தால் லோ கியரில் ஒரே சீராகப் போக வேண்டும், நடுவில் கியர் மாற்றக் கூடாது. எஞ்சின் காற்று இழுக்கிற வாய்க்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தாங்குகிற தண்டு உள்ளே வளைந்து உடையும். நடுவில் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், இழுத்து வெளியே எடுங்கள். கரையேறிய பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்துக் காய வையுங்கள்.

காலையில் கடந்த நீரோடை பின்னேரம் அதே ஆழத்தில் இருக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். மலையில் பெய்த மழை, நீங்கள் குகைக்குள் இருக்கும்போதே கீழே வந்து சேர்ந்திருக்கும். நீர் ஓடுகிற குகை என்றால் அதே மழை உள்ளேயும் வரும்.

எந்த மாதங்களில் போகலாம்?

வாடைக் காற்றோடு வருகிற மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்கும் எங்கள் மாவட்டத்துப் பாதைகளை மூடிவிடும். கச்சான் வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரை இங்கே எல்லாம் காய்ந்து கல்லாகக் கிடக்கும். ஆனால் அதே மாதங்களில் இரத்தினபுரிப் பக்கம் தென்மேல் பருவ மழை. இங்கே வெயில் என்று நம்பி வவுல்பனைக்குப் போய்ச் சேற்றில் நின்றவர்கள் இருக்கிறார்கள். பெப்ரவரியும் மார்ச்சும் இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு பொருந்தும்.

கயிறு, டோர்ச் எல்லாம் வாகனத்தில் எப்படி வைப்பது?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். குகைக் கயிறு நைலோன். பற்றரிக்குள் இருக்கும் சல்பூரிக் அமிலம் நைலோனைத் தின்றுவிடும். ஆவி பட்டாலும் கெடும். வெளியில் ஒரு அடையாளமும் தெரியாமலே பலம் போயிருக்கும். அதனால் உதிரிப் பற்றரி, எண்ணெய்க் கலன், பிரேக் ஒயில் ஒன்றும் கயிற்றுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. மூடி இறுகப் பூட்டுகிற பிளாஸ்ரிக் பரல் ஒன்றுக்குள் கயிற்றைப் போட்டு, அதைப் பெட்டியின் மறுமூலையில் கட்டி வைக்கிறோம். முந்தி சீமெந்தும் உரமும் ஏற்றிய கெப் பெட்டியில் நேரடியாகக் கயிற்றை எறிபவர்களைக் கண்டால் நெஞ்சு பதறுகிறது. நாளைக்கு அந்தக் கயிற்றில் ஒரு உயிர் தொங்கப் போகிறது.

வாகனத்துக்குள் தளர்வாக எதுவும் கிடக்கக் கூடாது. இரும்புக் கொளுக்கிகள் நிறைந்த பை ஒன்று சடாரென்று பிரேக் போட்டால் பின்மண்டையில் அடிக்கும். கெப்பின் கண்ணாடி ஓரத்தில் டோர்ச்சையும் அதன் பற்றரிகளையும் வெயிலில் காய விடவும் வேண்டாம்.

ஆளுக்கு ஒரு செட் காய்ந்த உடுப்பும் ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் வாகனத்தோடே இருக்க வேண்டும். குகைக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒரு பிளாஸ்க் சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணியும் வைத்துவிட்டுப் போனால், இரவில் அதன் அருமை தெரியும்.

குகை வாசல் வரை ஓட்டிக்கொண்டு போகலாமா?

பாதை இருந்தாலும் போக வேண்டாம். குகைகள் மூச்சு விடும். உள்ளே, வெளியே வெப்பம் மாற மாற வாசலில் காற்று உள்ளே இழுபடும், வெளியே தள்ளும். வாசலில் எஞ்சினை ஓட விட்டால் புகை உள்ளே போகும். காபனோரொட்சைட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்த அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜெனரேட்டருக்கும் இதே கதைதான். அத்தோடு வௌவால்களுக்கு முன் விளக்கு அடித்தால் அவை கலைந்து பறக்கும், குட்டியோடு இருக்கும் காலத்தில் குட்டிகள் விழுந்து சாகும்.

சுண்ணக்கல் குகை என்றால் இன்னொன்று. நீங்கள் வாகனத்தை விடுகிற நிலத்துக்குக் கீழே வெறுமையாக இருக்கலாம். பள்ளமாக உள்வாங்கிய இடத்தின் ஓரத்தில் நிறுத்த வேண்டாம்.

இருநூறு மீற்றர் தள்ளி, மேட்டு நிலத்தில், முகத்தை வெளியே போகிற பக்கம் திருப்பி நிறுத்துங்கள். காலையில் வெளிச்சத்தில் திருப்புவது ஐந்து நிமிட வேலை.

காட்டில் யானை, கண்ணிவெடி பற்றிப் பயப்பட வேண்டுமா?

யானைக்குப் பயப்படுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே பொழுதுபட்ட பிறகு றோட்டிலேயே நிற்கும். காட்டுப் பாதையில் கண்டால் எஞ்சினை உறுமாமல், ஹோன் அடிக்காமல், நின்று வழிவிட்டுப் பின்வாங்குங்கள்.

கண்ணிவெடி அகற்றும் வேலை எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கிறது. ஆனாலும் போர் நடந்த மண் இது. சில்லுத் தடம் இல்லாத பற்றைக்காட்டுக்குள் புதுப் பாதை போட்டு ஓட்ட வேண்டாம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

காடு என்றால் வனத் திணைக்களம், சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். பாறைக் குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி ஒரு விளிம்பு வெட்டியிருந்தால், அதன் கீழே பிராமி எழுத்து இருந்தால், அது தொல்பொருட் சின்னம். 1940 ஆம் ஆண்டின் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அங்கே தொல்லியல் திணைக்களத்தைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. நக்கிள்ஸ் காடு 2010 இல் யுனெஸ்கோ மரபுரிமையான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி, அதற்கும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

வாகனத்தை உயர்த்தியோ பெரிய சில்லு போட்டோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுச் செய்யுங்கள். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

வாங்க வசதியில்லை. வாடகைக்கு எடுக்கலாமா?

தாராளமாக. வருடத்துக்கு மூன்று பயணம் போகிறவர் ஜீப் வாங்கத் தேவையே இல்லை. ஹபரணையில் சபாரி ஜீப்புகள் நிறைய உண்டு, ஓட்டுநரோடு கிடைக்கும், அவர்களுக்குக் காடும் யானையும் பழக்கம். மூதூர், சேருவில, வெருகல் பக்கம் என்றால் உழவு இயந்திரத்தைப் பேசிப் பிடிப்பதுதான் என் முதல் தெரிவு. எந்த ஜீப்பும் போகாத சேற்றில் அது போகும். பெட்டியில் வைக்கோல் போட்டால் காயப்பட்டவரைப் படுக்க வைக்கவும் முடியும். மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

ஒரு முறை வெளியூரில் ஒரு இடத்தில் ஜீப் வாடகைக்கு எடுத்தோம். எல்லாம் பார்த்துக் கையெழுத்து வைத்தோம், உதிரிச் சில்லை மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை. மலைப் பாதையில் டயர் வெடித்த பிறகு கழற்றினால், உதிரி டயரில் கம்பி தெரிந்தது. காற்றும் இல்லை. ஐந்து கிலோமீற்றர் இருட்டில் நடந்தோம். இப்போது வாடகை வாகனம் எடுத்தால் அங்கேயே ஜக் போட்டு ஒரு சில்லைக் கழற்றிப் பூட்டிப் பார்க்கிறோம். ஜக், சில்லுச் சாவி, உதிரிச் சில்லு மூன்றையும் ஒரே நேரத்தில் சோதித்த மாதிரி ஆகிவிடும்.

சிக்கினால் எடுக்க என்ன சாமான் வேண்டும்?

மண்வெட்டி ஒன்று, ஜக்குக்குக் கீழே வைக்கத் தடித்த பலகை ஒன்று, நீளக்கூடிய இழுவைப் பட்டி ஒன்று, பட்டியை மாட்டுகிற தரமான இரும்பு வளையம் (ஷகிள்) இரண்டு, சில்லுக்குக் கீழே போடுகிற ஏணித் தட்டு இரண்டு. விஞ்ச் (கம்பியைச் சுற்றி வாகனத்தை இழுக்கிற கருவி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அழ வேண்டாம்.

இழுக்கும்போது டிரெயிலர் பூட்டுகிற உருண்டையில் பட்டியை மாட்டவே கூடாது. பாரம் ஏறினால் அது முறிந்து, குண்டு போலப் பறந்து வரும். ஆள் செத்த இடங்கள் உண்டு. சட்டத்தில் பூட்டிய கொளுக்கியில் மட்டும் மாட்டுங்கள், பட்டியின் நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போடுங்கள், மற்றவர்கள் எல்லோரும் பட்டியின் நீளத்தை விடத் தள்ளி நில்லுங்கள். குகைக் கயிற்றை இழுவைக்குப் பாவிக்க வேண்டாம். பாவித்துவிட்டால் அந்தக் கயிற்றில் திரும்ப ஏறவும் வேண்டாம்.

வாகனச் சாவியை யார் வைத்திருப்பது?

குகைக்குள் யாரும் கொண்டுபோகக் கூடாது. சேற்றில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது, இப்போதைய சாவிகளுக்குள் இருக்கும் மின்னணுச் சிப்புக்குத் தண்ணீரும் ஆகாது. அதைவிட முக்கியம், சாவி வைத்திருப்பவரே காயப்பட்டு உள்ளே கிடந்தால், உதவிக்கு ஓடுகிறவர் வாகனத்தை எடுக்க முடியாமல் நிற்பார்.

நாங்கள் சாவியைச் சின்னப் போத்தலுக்குள் போட்டு, வாகனத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு கல்லுக்குக் கீழே வைப்போம். வைக்கும்போது எல்லோரும் பார்க்க வேண்டும், ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் பயனில்லை. குழுவில் இரண்டு பேராவது அந்த வாகனத்தை, லோ கியர் உட்பட, ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வெளிக்கிட முதல், வீட்டில் ஒருவரிடம் குகையின் பெயர், வாகன இலக்கம், எங்கே நிறுத்துவோம், எத்தனை மணிக்கு அழைப்போம் என்று எழுதிக் கொடுப்போம். அந்த மணிக்கு அழைப்பு வராவிட்டால் அவர் 119க்குச் சொல்ல வேண்டும். யாருக்காவது காயம் என்று தெரிந்தால் 1990 அம்புலன்சுக்கும் அழைக்க வேண்டும். எங்கள் குழுவில் அந்தத் துண்டு என் அம்மாவிடம்தான் இருக்கும். சாமித்தட்டில், விளக்குக்குக் கீழே வைத்திருப்பார். நான் அழைத்த பிறகுதான் அதை எடுப்பார்.